கெடு தேதியும் கூப்பிடும் தேதியும்: கம்பத்துத் தராசுக் கடை ஒன்றின் வாடிக்கையாளர் பதிவேடு

2024 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குமுளியில் மிளகும் ஏலக்காயும் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் கம்பத்துத் தராசுக் கடைக்குப் போன் செய்தார். முந்தைய நாள் அவர் கடைக்கு எடையளவு ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள். தராசில் இருந்த முத்திரை மார்ச் மாதமே காலாவதியாகியிருந்தது. "வருஷா வருஷம் நீங்கள்தானே கூப்பிட்டுச் சொல்வீர்கள், இந்த முறை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று கடை உரிமையாளரான அண்ணன் பிற்பாடு சொன்னார்.

அண்ணன் கணினியைத் திறந்து பார்த்தார். வாடிக்கையாளர் பட்டியலில் அந்த வியாபாரியின் வரி பச்சையாக இருந்தது. கெடு ஜூலை 3 என்றது. இன்னும் நாள் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பச்சையைப் போட்டுக் கொடுத்தவன் நான்.

கம்பம் பக்கத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. தராசுக் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உரிமையாளரை நேரில் அண்ணன் என்று கூப்பிடுவதால் இங்கேயும் அவர் அண்ணன்தான். கடையில் அண்ணனைத் தவிர மூன்று பேர்: முப்பது வருடமாகத் தராசைப் பிரித்துப் பூட்டும் மூத்த மெக்கானிக், அவரிடம் தொழில் பழகும் பையன், கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் கணினியில் உட்காரும் அண்ணனின் மகள். மூத்தவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள்.

தொழிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. வியாபாரத்துக்குப் பயன்படும் ஒவ்வொரு தராசும் அரசிடம் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2009-ஆம் ஆண்டுச் சட்ட எடையளவுச் சட்டம் அதைச் சொல்கிறது. இரும்புப் படிக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒரு முறை. எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை. இடையில் பழுதுபார்க்கச் சீலை உடைத்தால் மறுபடி முத்திரை வாங்கியாக வேண்டும். அன்றிலிருந்து கணக்கு புதிதாக ஓடும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. கேரளத்தில் அதற்கென்றே தனித் துறை. பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். ஒரு மாநில உரிமத்தோடு அடுத்த மாநிலத்தில் ஸ்க்ரூ டிரைவரைத் தொட முடியாது. அண்ணன் இரண்டு உரிமங்களும் வைத்திருக்கிறார். கம்பத்திலிருந்து மேலே ஏறினால் கேரளத்தின் குமுளி, ஆனக்கரை, வண்டன்மேடு, புற்றடி. கீழே தமிழ்நாட்டின் கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர். அவருடைய வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

வாடிக்கையாளர் அடுத்து எப்போது தேவைப்படுவார் என்பதை அரசாங்கமே தேதி போட்டுச் சொல்லிவிடும் தொழில் இது. மற்ற வியாபாரிகள் 'இவரை எப்போது திரும்பக் கூப்பிடுவது' என்று மண்டையைக் குடைந்துகொள்ளும்போது, இவர்களுக்கு விடை தராசிலேயே ஒட்டியிருக்கிறது. இதைவிட எளிதான பதிவேடு இருக்க முடியாது என்று நினைத்துத்தான் 2023 டிசம்பரில் இதில் இறங்கினேன்.

பெரியவரின் நோட்டு

அதுவரை எல்லாம் பெரியவரின் நீளநோட்டில் இருந்தது. நோட்டில் பெயர் வரிசை இல்லை, தேதி வரிசையும் இல்லை. முதல் பக்கத்தில் லோயர் கேம்ப் டீக்கடைகள், அடுத்ததில் குமுளி பஸ் நிறுத்தத்தைச் சுற்றியுள்ள கடைகள், பிறகு தேக்கடிச் சாலை, பிறகு ஆனக்கரை போகும் வழி. ஒவ்வொரு கடைக்கும் நான்கைந்து வரி இடம் விட்டு, முத்திரை வாங்கிய தேதியை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். சில இடங்களில் எனக்குப் புரியாத குறிகள். ஒரு வட்டத்துக்குள் புள்ளி வைத்திருந்தால் 'காசு உடனே தரமாட்டார்' என்று பொருளாம்.

ஒழுங்கில்லாத நோட்டு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அது பஸ் போகும் வழியின் வரிசையில் எழுதப்பட்ட நோட்டு என்று எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆனது. பெரியவர் யாரையும் தேதி பார்த்துக் கூப்பிட்டதே இல்லை. ஒரு வேலைக்கு மலையேறினால் அந்தப் பக்கத்தை விரித்து, அக்கம்பக்கத்தில் யாருக்குக் கெடு நெருங்குகிறது என்று பார்த்து, நடந்தே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். முழங்கால் வலி வந்து மலையேறுவது குறைந்த பிறகுதான் கெடுக்கள் தவற ஆரம்பித்தன. நோட்டில் ஏதோ கோளாறு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கோளாறு முழங்காலில் இருந்தது.

எந்த மென்பொருள் என்பதில் அதிக நேரம் செலவிடவில்லை. மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை கட்டும் வாடிக்கையாளர் மேலாண்மைச் செயலி ஒன்றை விற்க ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். நான்கு பேர் கடைக்கு அது அதிகம். அவுட்லுக்கோடு இணைத்து மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த அவுட்லுக் கஸ்டமர் மேனேஜரை 2020-இல் அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு இருந்த பிசினஸ் காண்டாக்ட் மேனேஜரும் அப்படித்தான் போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கருவிக்கே அந்தக் கதி என்றால், வெறும் அட்டவணையை நம்புவது மேல் என்று தோன்றியது. கூகுள் ஷீட்ஸ் எடுத்துக்கொண்டோம். முதலில் எக்செல் கோப்பாக வைத்திருந்தபோது ஒருவர் திறந்து வைத்திருக்க இன்னொருவர் நகல் எடுத்து, 'இறுதி', 'இறுதி புதியது', 'அப்பா பார்த்தது' என்று மூன்று கோப்புகள் பிறந்திருந்தன. ஷீட்ஸில் எல்லாருக்கும் ஒரே கோப்பு. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பழைய பதிப்புகளையும் பார்க்கலாம்.

பச்சை எப்படிப் பொய் சொன்னது

இனி அந்த ஜூலை 3. மற்ற எதைவிடவும் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதே பிழை இந்த நிமிடம் பல கடைகளின் கணினியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

நோட்டில் பெரியவர் 07/03/2023 என்று எழுதியிருந்தார். மார்ச் ஏழாம் தேதி. நம் ஊரில் யார் எழுதினாலும் நாள் முதலில், மாதம் பின்னால். அண்ணனின் மகள் அதை அப்படியே தட்டினாள். ஆனால் அந்த ஷீட் அமெரிக்க வட்டார அமைப்பில் இருந்தது; ஆங்கிலம் என்று கணக்கு தொடங்கினால் பெரும்பாலும் அதுதான் வரும். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுபவர்கள். அதனால் மார்ச் 7 கேள்விமுறை இல்லாமல் ஜூலை 3 ஆகிவிட்டது. அதன்மேல் 12 மாதம் கூட்டும் 'ஈடேட்' சூத்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்து 2024 ஜூலை 3 என்று கெடு போட்டது. உண்மையான கெடுவுக்கு நான்கு மாதம் பிந்தி.

எல்லாத் தேதியும் இப்படிக் கெட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். 25/08/2023 என்று தட்டினால் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் கணினி அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். அதன்மேல் சூத்திரம் ஓடினால் பிழைக்குறி வரும். எங்கள் பட்டியலிலும் வந்தது, நூற்றுக்கணக்கில். அண்ணனும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தப் பிழைக்குறிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். கடைசிப் பிழைக்குறியும் மறைந்ததும் எனக்குப் போன் செய்து, "எல்லாம் சரியாகிவிட்டது தம்பி" என்றார்கள். கூச்சல் போட்ட தேதிகள் சரியாயின. மாதத்தின் முதல் 12 நாட்களில் வாங்கிய முத்திரைகள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டு தப்பாகவே இருந்தன.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாள் எண் மாத எண்ணைவிடச் சிறியதாக இருந்தால், கெடு முந்தி வரும். 05/08 என்பது மே 8 ஆகும். மூன்று மாதம் முன்னாலேயே கூப்பிட்டு, "இன்னும் நாள் இருக்கிறதே" என்று திட்டு வாங்குவோம், அவ்வளவுதான். நாள் எண் பெரியதாக இருந்தால் கெடு பிந்தும், வாடிக்கையாளர் மாட்டிக்கொள்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால், உதாரணமாக 06/06, யாருக்கும் சேதமில்லை. ஜனவரி முதல் மே வரை 'என்ன இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்கள்' என்று சிலர் சொன்னதை அண்ணனின் மகள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். முன்கூட்டியே கூப்பிடுவது நல்லதுதானே என்று பதில் சொன்னேன். அன்றைக்கே ஒரு தேதியை நோட்டோடு ஒப்பிட்டிருந்தால் குமுளி வியாபாரி தப்பியிருப்பார்.

அபராதத்தில் பாதியை அண்ணன் கட்டினார். கெடு தாண்டிய மறுமுத்திரைக்கான கூடுதல் கட்டணத்தையும் அவரே ஏற்றுக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போட்ட எந்த வேலைக்கும் பில் கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

திருத்தியது இப்படி. முதலில் ஷீட்டின் அமைப்பில் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றினோம். ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதி அதனால் சரியாகாது. அது உள்ளே எண்ணாக உறைந்துவிட்டது. அட்டவணை மென்பொருள்கள் தேதியை நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் 45000 என்று தட்டி, தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள், 2023 மார்ச் 15 என்று வரும். ஆகவே நோட்டை மறுபடி எடுத்தோம். இந்த முறை நாள், மாதம், வருடம் என்று மூன்று தனிப் பத்திகள். மூன்றையும் சேர்த்துத் தேதியாக்கும் வேலையை 'டேட்' சூத்திரத்திடம் விட்டோம். மாதப் பத்தியில் 1 முதல் 12 தவிர எதையும் ஏற்காதபடி கட்டுப்பாடு வைத்தோம். தட்டுவதற்கு நேரம் கூடுதலாகிறது என்று மகள் முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும்.

ஒரே ஆள், மூன்று பெயர்

எல்லையோர வாடிக்கையாளர் பட்டியலில் இன்னொரு தலைவலி, ஒரே ஆள் பல வரிகளில் இருப்பது. போடியில் கிட்டங்கி, குமுளியில் கடை, இரண்டுக்கும் ஒரே முதலாளி. கம்பத்தில் அவருக்குத் தமிழ்நாட்டு நம்பர், மேலே கேரள நம்பர். நோட்டில் ஓரிடத்தில் தமிழில் கடைப்பெயர், இன்னோரிடத்தில் மலையாள வீட்டுப்பெயர், பில்லில் ஆங்கிலத்தில் முதலெழுத்துக்கள். அவரைக் காலையில் மகள் கூப்பிடுவாள், மாலையில் பையன் கூப்பிடுவான். "ஒரே நாளில் எத்தனை தடவைதான் சொல்வது" என்று ஒருவர் எரிந்து விழுந்தார்.

இதற்குக் கை கொடுத்தது ஜிஎஸ்டி எண். அதில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறி: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்து, முதலாளியின் பான் எண். ஒருவர் இரண்டு மாநிலங்களில் பதிவு செய்திருந்தால் தொடக்க எண் மாறும், நடுவிலுள்ள பத்து மாறாது. மூன்றாம் எழுத்திலிருந்து பத்தை வெட்டியெடுக்கும் 'மிட்' சூத்திரத்தை ஒரு பத்தியில் போட்டதும், தனித்தனி ஆட்கள் என்று நினைத்த வரிகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டன. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் என்று என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே" என்றார். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. ஜிஎஸ்டி இல்லாத சிறு கடைகளுக்கு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தோம்.

சேர்த்த பிறகு ஒரு முடிவு எடுத்தோம்: முதலாளி ஒரு தாளில், தராசு இன்னொரு தாளில். கூப்பிடுவது ஆளை, கெடு தராசுக்கு. ஒரு ஆளுக்கு மூன்று ஊரில் ஏழு தராசு இருக்கலாம். இரண்டையும் ஒரே வரியில் திணித்ததுதான் என் முதல் வடிவத்தின் அடிப்படைத் தவறு. எளிதான பதிவேடு என்று சொன்னேன் அல்லவா?

தொலைபேசி எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 91 சேர்த்து 12 இலக்கமாகத் தட்டினால், எக்செல் அதைப் பெரிய எண் என்று நினைத்து 9.19 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி என்னும் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிவதுதான் கோப்புக்குள் போகும். எண் போனது போனதுதான். பத்தியை முதலிலேயே 'எழுத்து' என்று வடிவமைத்துவிட்டுத் தட்ட வேண்டும்.

'நோக்காம்' என்ற பதில்

வாட்ஸ்அப்பில் மொத்தமாகச் செய்தி அனுப்பலாம் என்று நடுவில் ஒரு யோசனை வந்தது. பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பெரியவரின் எண்ணை எல்லாரும் வைத்திருந்தார்கள். கடையின் புது எண்ணை யாரும் வைத்திருக்கவில்லை. அந்த யோசனை அதோடு முடிந்தது. கூப்பிடுவதே வழி.

கூப்பிட்டால் என்ன பதில் வருகிறது? மேலே மலையாளத்தில் "நோக்காம்" என்பார்கள். கீழே "பார்க்கலாம்" என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே, அதாவது ஒன்றுமில்லை. மகள் அதைக் குறிப்புப் பத்தியில் 'பார்க்கலாம் என்றார்' என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவாள். அந்த வரி அப்படியே உறைந்துவிடும். கெடு வரும், போகும்.

அதனால் குறிப்புப் பத்தியை எடுத்துவிட்டு, தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று வைத்தோம்: வரச் சொன்னார், தேதி சொன்னார், பார்க்கலாம் என்றார், எடுக்கவில்லை, வேறு ஆளிடம் போய்விட்டார். பக்கத்தில் 'அடுத்து என்ன', 'எந்தத் தேதி', 'யார்' என்று மூன்று கட்டங்கள். வேலை முடியாத வரியில் அந்தத் தேதி காலியாக இருந்தால் வரி முழுவதும் சிவப்பு. கெடு எவ்வளவு தள்ளியிருந்தாலும் சிவப்புதான். முதல் வடிவத்தில் நிறம் கெடுவைப் பார்த்து மாறியது. இப்போது நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பார்த்து மாறுகிறது.

இரண்டு தடவை 'பார்க்கலாம்' வந்துவிட்டால் மூன்றாவது தடவை போன் கிடையாது, நேரில் போக வேண்டும். இந்த விதி பெரியவருடையது. "போனில் பார்க்கலாம் என்பவர் நேரில் போனால் டீ சொல்வார்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லாமல்தான் அதைச் சேர்த்தேன். வேலை செய்கிறது.

காய் பறிக்கும்போது தராசைக் கேட்காதே

தேதிகள் சரியான பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. சரியான நாளில் கூப்பிட்டும் பலர் தட்டிக் கழித்தார்கள். கெடுவுக்கு 30 நாள் முன்பு கூப்பிட வேண்டும் என்று ஒரே விதியாக வைத்திருந்தேன். மகள் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, செப்டம்பரில் வண்டன்மேட்டு ஏலக்காய் வியாபாரிகளை வரிசையாகக் கூப்பிட்டாள். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏலத்தோட்டங்களில் ஜூலை, ஆகஸ்டில் காய் பறிக்கத் தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை சுற்றுச் சுற்றாக ஓடும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் ஆட்கள் மலையேறுவார்கள். பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ மிஞ்சும். அதைப் பார்த்துப் பார்த்து நிறுக்கும் பருவம் அது. கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 கிராம் தவறு 25 ரூபாய். மூட்டைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒரு வியாபாரியிடம் 'தராசைக் கழற்றிக் கொடுங்கள், முத்திரைக்குக் கொண்டுபோக வேண்டும்' என்றால் யார் கொடுப்பார்? புற்றடியிலோ போடியிலோ ஏலம் நடக்கும் நேரத்தில் போன் செய்தால் எடுக்கவே மாட்டார்.

இங்கேதான் கெடு தேதி வேறு, கூப்பிடும் தேதி வேறு என்று பிரித்தோம். கெடு சட்டத்தின் தேதி, அதில் நமக்கு அதிகாரமில்லை. கூப்பிடும் தேதி வாடிக்கையாளரின் பிழைப்பைப் பார்த்து வர வேண்டும். தொழில் வகை என்று ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு வகைக்கும் எந்த மாதங்களில் தொந்தரவு செய்யக் கூடாது என்று தனித் தாளில் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினோம். ஏலக்காய்க்காரர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓய்வு. கெடு நவம்பரில் இருந்தாலும் மே மாதமே கூப்பிடு. முத்திரைக் காலத்தில் ஐந்தாறு மாதம் வீணாகிறதே என்று சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஒரு முறை மட்டும் அந்த நஷ்டத்தை ஏற்றால், அடுத்த வருடத்திலிருந்து கெடுவே ஓய்வுக்காலத்தில் விழும் என்று விளக்கியதும் பலர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பாதவர்களை வற்புறுத்தவில்லை.

நகைக்கடைகளுக்கு ஆடி. இங்கே கல்யாணம் கிடையாது, மலைக்கு மேலே அதே நாட்கள் கர்க்கடகம், அங்கேயும் விசேஷம் கிடையாது. ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் தராசு சும்மா இருக்கும் அதிசயம் இந்த வகைக்கு மட்டும்தான். அடுத்த மலையாள மாதமான சிங்ஙம் பிறந்து ஓணம் நெருங்கினால் மேலே யாரும் தலை நிமிர மாட்டார்கள். கம்பத்துத் திராட்சைக்காரர்களுக்கு வருடம் முழுக்க அறுவடை. அவர்களுக்கு மாதம் பார்த்துப் பயனில்லை; காலையில் கூப்பிடக் கூடாது, மதியம் லாரி போன பிறகு கூப்பிட வேண்டும். மளிகைக் கடைகளுக்கு எந்த விதியும் எழுதவில்லை.

கார்த்திகை முதல் தை பிறக்கும் வரை ஐயப்ப சீசன். குமுளிச் சாலையில் நெரிசல். மேலே போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஒரு தராசுக்காக ஒரு நாள் போய்விடும். அந்த இரண்டு மாதங்களில் மலை வேலை எதையும் போடுவதில்லை என்று தாளிலேயே தடுத்துவிட்டோம். திடீரென்று வரும் ஹர்த்தாலுக்கு மட்டும் எந்தச் சூத்திரமும் இல்லை.

கடைசியாக, பெரியவரின் நோட்டில் இருந்த வழியைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழி எண். குமுளிக்கு ஒரு வேலை முடிவானால், அந்த வழி எண்ணை வடிகட்டினால் போதும், பக்கத்தில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று பையனின் போனில் வந்துவிடும். மலையில் சிக்னல் நம்பகமில்லை என்பதால் கிளம்புவதற்கு முன்பே ஆஃப்லைனில் பார்க்கும்படி வைத்துக்கொள்கிறான். நோட்டைக் கணினிக்கு மாற்றும்போது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. பழைய பதிவேடு எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று நான் கேட்காமல் விட்டதற்கு ஆறு மாதம் தண்டம்.

இன்னும் ஓட்டைகள் இருக்கின்றன. பையன் மேலே வேலையை முடித்துவிட்டு அன்றே பதிவதில்லை. மூன்று நாள் கழித்து ஞாபகத்திலிருந்து தட்டுகிறான். சீல் உடைத்துப் பழுதுபார்த்ததைச் சில சமயம் சாதாரண சர்வீஸ் என்று போட்டுவிடுகிறான். புது முத்திரைத் தேதி ஏறுவதில்லை. ஷீட்டின் இணைப்பு கொஞ்ச காலம் 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பில் இருந்ததைத் தற்செயலாகக் கண்டுபிடித்து அடைத்தோம். வியாபாரிகளின் எண்களும் பான் எண்களும் உள்ள தாள் அது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்தாயிற்று. பெரியவரின் வட்டத்துக்குள் புள்ளிக் குறியை மட்டும் தாளில் ஏற்ற அண்ணன் சம்மதிக்கவில்லை. அது நோட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

குமுளி வியாபாரிக்கு அந்த ஆய்வுக்குப் பிறகு 2024 மே மாதக் கடைசியில் புது முத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் தப்பாலேயே அவருடைய கெடு மார்ச்சை விட்டு நகர்ந்து, ஏலக்காய் ஓய்வாக இருக்கும் மாதத்துக்கு வந்து சேர்ந்தது. 2025 ஏப்ரலில் மகள் அவரைக் கூப்பிட்டாள். "நோக்காம்" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அதே பதில். பட்டியலில் அவர் வரிக்குப் பக்கத்தில் அவள் எழுதியது: 'வியாழன், நேரில், பெரியவர்.' பெரியவர் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினார். மதியம் அங்கிருந்து போன் செய்து, பக்கத்துக் கடையிலும் இரண்டு தராசு இருக்கிறது, பையனை அனுப்பு என்றார்.